ஒட்டுக்கு ஒரு நூல், மெத்தைக்கு ஒரு நூல்

சேலம் கடைவீதியில் தையல் சாமான் கடைக்குப் போய் "குயில்ட் தைக்க நூல் வேணும்" என்று கேட்டால், கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கலர் சொல்லுங்கக்கா" என்பார். ஜாக்கெட்டுக்கும் அதே நூல், தலையணை உறைக்கும் அதே நூல், பாவாடை நாடாப்பட்டிக்கும் அதே நூல். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இத்தனை வருஷமாக நாம் கேட்டதெல்லாம் கலர் மட்டும்தானே.

இந்தத் தடவை கலரை மட்டும் சொல்லிவிட்டு வர முடியாமல் போனதற்கு அண்ணிதான் காரணம். ஏற்காட்டில் அண்ணனும் அண்ணியும் ஒரு வீட்டை நாலு அறையாகத் தடுத்து, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். சேலத்தில் மின்விசிறி இல்லாமல் படுக்க முடியாத நாளில்கூட, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால் போர்வை தேடும் ஊர் அது. அண்ணி போனில் சொன்னார்: "கடையில வாங்குற கம்பளி ரெண்டு சீசன்லயே முடி முடியா உதிருது கண்ணு. நீ போடுற ஒட்டுத்துணிப் போர்வை ஆறு போட்டுக் குடு. ஆனா ஒண்ணு, வாஷிங் மெஷின்ல போட்டுத் துவைப்பேன். வர்றவங்க சாம்பார் கொட்டுவாங்க, காபி கொட்டுவாங்க. கைத்துவையல் எல்லாம் என்னால ஆகாது." அதே வாரத்தில் சித்தி மகளுக்கு வளைகாப்பு நாள் குறித்தார்கள். பிறக்கப் போகிற குழந்தைக்கும் ஒன்று தைக்க வேண்டும். அடிபட அடிபடத் துவைக்கிற ஆறு போர்வை ஒரு பக்கம், பிஞ்சு உடம்பில் படுகிற ஒன்று ஒரு பக்கம். ஒரே கோன் நூலில் ரெண்டையும் முடிக்க மனசு வரவில்லை.

பழக்கமில்லாதவர்களுக்காக ரெண்டு வரி. குயில்ட் என்பது மூணு அடுக்குப் போர்வை. மேலே சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சு, அடியில் முழுத்துணி. துண்டோடு துண்டைச் சேர்த்துத் தைப்பது முதல் வேலை. எங்கள் வீட்டில் அதற்கு 'ஒட்டு' என்று பேர். மூணு அடுக்கையும் சேர்த்துப் பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் விடுவது ரெண்டாவது வேலை, அது 'மெத்தைத் தையல்'. பாட்டி பழம்புடவைகளை அடுக்கி வைத்து ஓட்டுத்தையல் போட்டதும் இதே சங்கதிதான். நடுவில் பஞ்சு இல்லை, கையில் மெஷின் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ரெண்டு வேலையும் நூலிடம் கேட்பது நேர் எதிரான குணங்களை. ஒட்டு நூல் இருக்கிற இடம் தெரியக்கூடாது. மெத்தைத் தையல் நூல் போர்வை உள்ளளவும் வெளியில் நின்று வெயில், உரசல், சோப்புத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் முகம் கொடுக்க வேண்டும். "எது நல்ல நூல்?" என்று கேட்டுக்கொண்டு போனவரை எனக்குக் குழப்பம் தீரவில்லை. "எந்த வேலைக்கு?" என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் பாதி வழி தெளிந்தது.

ஒட்டு வேலையில் தடித்த நூல் என்ன செய்யும் என்பதை டெய்லர் கணக்கிலேயே சொல்லிவிடலாம். ஆசாரியும் டெய்லரும் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒவ்வொரு பங்கையும் 'ஒரு நூல்' என்பார்கள். ஒட்டுக்கு விடுகிற தையல் இடம் காலங்குலம், அதாவது ரெண்டு நூல். தைத்துவிட்டு மடித்து இஸ்திரி போடும்போது துணி அந்தத் தையல் நூலின் மேல் ஏறித்தான் மடியும். நூல் தடிமனாக இருந்தால் அந்த ஏற்றத்தில் கொஞ்சம் துணி காணாமல் போகும். ஒரு தையலுக்குக் கால் நூல் போனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று தோன்றும். ஒரு வரிசையில் 17 துண்டு, 16 தையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 கால் நூல் சேர்ந்தால் நாலு நூல். அரை அங்குலம் காணோம்! பக்கத்து வரிசையில் பெரிய துண்டுகளாக எட்டுதான் இருந்தால் அங்கே ஏழு தையல்தான், அதனால் அந்த வரிசை அவ்வளவு சுருங்காது. ரெண்டு வரிசையையும் இணைக்கும்போது ஒன்று நீளம், ஒன்று குட்டை. இழுத்துப் பிடித்துத் தைத்தால் போர்வை நடுவில் கொப்பளிக்கும். நான் முதலில் போட்ட போர்வையில் இந்தக் கொப்பளம் வந்தபோது, வெட்டுவதில்தான் கோளாறு என்று நினைத்துக் கத்திரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுத்தேன். கத்திரிக்கோல் பாவம்.

ஆகவே ஒட்டுக்கு மெல்லிய நூல். அதோடு, தையல் இடத்தை ரெண்டு நூலுக்கு ஒரு மயிரிழை குறைத்து விட வேண்டும். மெல்லிய என்றால் எவ்வளவு மெல்லிய? இங்கேதான் லேபிள் நம்மைச் சுற்றலில் விடும்.

நூல் தடிமனுக்கு நாலு விதக் கணக்கு புழங்குகிறது. குயில்ட்காரர்கள் சொல்வது 'வெயிட்'. 50 வெயிட் என்றால் ஒரு கிராம் நூல் 50 மீட்டர் நீளம் வரும். எண் ஏற ஏற நூல் மெலியும். நம் கடைகளில் கிடைக்கும் டெய்லர் நூலில் 'டிக்கெட்' எண் இருக்கும், பெரும்பாலும் 120. அதை மூணால் வகுத்தால் வெயிட் கிடைத்துவிடும். 120 டிக்கெட் ஏறத்தாழ 40 வெயிட், 150 டிக்கெட் 50 வெயிட். மூணாவது டெக்ஸ். ஆயிரம் மீட்டர் எத்தனை கிராம் என்பதுதான் அது, ஆகவே இதில் எண் ஏறினால் நூல் தடிக்கும். 40 வெயிட் என்பது டெக்ஸ் 25, 50 வெயிட் என்பது டெக்ஸ் 20. நாலாவது நம் ஊர் தறிக்காரர்களுக்கு மனப்பாடமான கவுண்ட். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டா, அதாவது அந்த நீளத்துக்குச் சுற்றிய நூல் கத்தை, எத்தனை வருகிறது என்ற கணக்கு.

இந்தக் கடைசிக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஒரு விபரீத யோசனை வந்தது. 'ரெண்டு அறுபது' என்று தறியில் சொல்லும் நூல், அறுபதாம் நம்பர் இழை ரெண்டைச் சேர்த்து முறுக்கியது. சேர்ந்தால் முப்பது கவுண்ட் தடிமன். டெக்ஸில் ஏறத்தாழ 20. அட, வெளிநாட்டிலிருந்து வருகிற 50 வெயிட் குயில்ட் நூலும் இதே தடிமன்தானே! சேலத்தில் குகை என்கிற பகுதியில் தறி வைத்திருக்கும் மாமா வீட்டில் ரெண்டு அறுபது மூலைக்கு மூலை கிடக்கிறது. கேட்டதும், "கடையில காசு குடுத்து வாங்கோணுமா என்ன? எடுத்துட்டுப் போ சாமி" என்று ஒரு கோனைத் தூக்கிக் கொடுத்தார்.

மெஷினில் கோத்து ஒரு சாண் தைத்திருப்பேன். ஊசிக் காதுக்கு மேலே, தீக்குச்சி மருந்து அளவுக்குப் பஞ்சு சுருண்டு தொப்பி மாதிரி உட்கார்ந்தது. அடுத்த ரெண்டு அங்குலத்தில் பட்டென்று அறுந்தது. மறுபடி கோத்தேன், மறுபடி தொப்பி. அறுந்த முனையை எடுத்துப் பார்த்தால் ரெண்டு இழையும் முறுக்குப் பிரிந்து தனித்தனியாகத் தொங்குகிறது.

தடிமன் ஒன்றாக இருந்தாலும் தறி நூல் வேறு, தையல் நூல் வேறு. மெஷின் ஒவ்வொரு தையலுக்கும் நூலைக் கீழே இழுத்து, கீழ்நூல் சுற்றியிருக்கும் பாபினைச் சுற்ற வைத்து, மறுபடி மேலே தூக்குகிறது. அதில் ஒரு துளிதான் துணியில் தங்கும். ஆகவே நூலின் ஒரே இடம் துணியில் உட்காரும் முன் பல பத்துத் தடவை ஊசிக் காதில் போய் வருகிறது. அந்தத் தேய்ப்புக்குத் தாங்க வேண்டுமானால், நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு முடியைத் தீயில் பொசுக்கியிருக்க வேண்டும், வழுக்கலுக்கு மெழுகோ சிலிகானோ லேசாகத் தடவியிருக்க வேண்டும். முறுக்கின் திசையும் உண்டு. தையல் நூலின் கடைசி முறுக்கு 'இசட்' திசையில் இருக்கும். இரட்டைத் தறி நூல் வழக்கமாக எதிர்த் திசை. மெஷினின் ஓட்டமே அதைப் பிரித்துவிடும். சோதிக்க ஆசையா? ஒரு விரல் நீள நூலை ரெண்டு கையாலும் குறுக்காகப் பிடித்து, வலது கை விரலால் நூலின் மேல்பக்கம் உங்களை நோக்கி வருமாறு உருட்டுங்கள். இறுகினால் மெஷினுக்கு ஆகும், பிரிந்தால் ஆகாது.

மாமா விடவில்லை. "பாவுக்குப் போடற மாதிரி கஞ்சி போட்டுப் பாரேன்" என்றார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும், அப்படி ஒரு நூல் நிஜமாகவே விற்கிறது. கையால் குயில்ட் போடுகிறவர்களுக்காக ஸ்டார்ச்சும் மெழுகும் பூசி, விறைப்பாக, பளபளவென்று வருகிற 'கிளேஸ்டு' பருத்தி நூல். கைக்கு அது சொர்க்கம், சிக்கே விழாது. மெஷினில் போட்டால் பூச்சு முழுக்க, நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகளில் உரிந்து அடையும். டப்பாவில் 'கையால் தைக்க' என்று போட்டிருந்தால் மெஷின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

நல்ல பருத்தித் தையல் நூலுக்கு ரெண்டு லட்சணம்: நீளமான இழைப் பருத்தி, மெர்சரைஸ் செய்திருப்பது. இழை நீளமாக இருந்தால் நூலில் முனைகள் குறைவு, தூசியும் குறைவு. 1974இல் கோயம்புத்தூரில் உருவாக்கி வெளியிட்ட சுவின் ரகம், மிக நீண்ட இழைக்குப் பேர் போனது. நம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கமும் அது விளைந்திருக்கிறது. மெர்சரைஸ் என்பது காஸ்டிக் சோடாக் கரைசலில் நூலை நனைப்பது. 1844இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது, 1850இல் காப்புரிமை வாங்கினார். அவர் காலத்தில் பளபளப்பு வரவில்லை. 1890இல் ஹொரேஸ் லோ என்பவர் நூலைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே நனைத்தார், பட்டு மாதிரி மினுங்கியது. பலமும் கூடியது, சாயமும் நன்றாக ஏறியது.

இனி பெரிய சண்டை: பருத்தியா, பாலியஸ்டரா?

குயில்ட்காரர்களிடம் ஒரு பழைய எச்சரிக்கை சுற்றுகிறது: பாலியஸ்டர் நூல் பருத்தித் துணியை நாளடைவில் அறுத்துவிடும். நான் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் வீட்டுத் தலையணை உறை எல்லாமே பருத்தித் துணி, பாலியஸ்டர் நூல். துணி நைந்து வலையாகிப் போனதுண்டு, நூல் துணியை வெட்டிய தடத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. போர்வையை யாராவது வெடுக்கென்று இழுத்தால் ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். நூல் துணியைவிடப் பலசாலியாக இருந்தால் துணி கிழியும். நூல் இளைத்ததாக இருந்தால் தையல் விடும். தையல் விட்டால் பத்து நிமிஷ வேலை. துணி கிழிந்தால் ஒட்டுக்கு மேல் ஒட்டு. ஒட்டு வேலைக்குப் பருத்தி நூல்தான் சரி என்று நான் சாய்வதற்கு முதல் காரணம் இது.

ரெண்டாவது காரணம் இஸ்திரிப் பெட்டி. ஒட்டு வேலையில் பாதி நேரம் மெஷினில் போகும், மீதி நேரம் இஸ்திரியில் போகும். பருத்திச் சூட்டில், அதுவும் ஆவி அடித்து, ஒவ்வொரு தையலையும் அழுத்த வேண்டும். பருத்தி நூலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பாலியஸ்டர் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆகவே சாதாரணமாகத் தேய்த்தால் தாங்கும். பெட்டியை உச்சச் சூட்டில் வைத்து ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு போனில் பேசுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

மூணாவது, நீட்சி. பாலியஸ்டர் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். பாபினில் வேகமாகச் சுற்றினால் நீண்டபடியே சுற்றிக்கொள்ளும். தைத்த பிறகு மெதுவாகத் தன் நீளத்துக்குத் திரும்பும், தையல் சுருக்கு விழும். பாலியஸ்டர் நூலில் எப்போதும் துணி சுருங்குகிறது என்று புலம்புகிறவர்கள் டென்ஷன் திருகை விட்டுவிட்டு முதலில் பாபினை நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம்.

பாலியஸ்டரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பாபின் கேஸில் அது அவ்வளவாகத் தூசி விடாது. பருத்தியில் ரெண்டு பாபின் தைத்தால், துணியை நகர்த்துகிற மெஷின் பற்களுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுப் பாய் விரிந்திருக்கும், பிரஷ் போட்டு எடுக்க வேண்டும். உரசலுக்குப் பாலியஸ்டர் பருத்தியைவிட நன்றாகவே தாங்கும். ஈரத்தில் பூஞ்சை அதைத் தின்னாது. ஏற்காட்டில் அடைமழை மாதங்களில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அலமாரியில் மடித்து வைத்த துணியில் கறுப்புப் புள்ளி விழுவதை அண்ணி வருஷா வருஷம் பார்க்கிறார். துணியே பருத்தி என்பதால் நூலை மட்டும் காப்பாற்றி என்ன பயன் என்று கேட்கலாம். மேல்துணியில் புள்ளி விழுந்தால் அழகு போகும். மூணு அடுக்கையும் பிடித்திருக்கிற நூல் இற்றுப்போனால் போர்வையே போகும்.

பாலியஸ்டரை உள்ளே வைத்து மேலே பருத்தி சுற்றிய கலப்பு நூலும் இருக்கிறது. நல்ல நூல்தான், ரெண்டு பக்கமும் பேசும். பருத்தி மேலே இருப்பதால் தூசி மட்டும் மிச்சம்.

வாங்குவதற்கு முன் ஒன்று. லேபிளில் 'காட்டன்' என்று இருந்தால் அது பருத்தி என்று அர்த்தமில்லை. ஒரு ஜாண் நூலைக் கிள்ளி வந்து எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரிந்து, காகித வாசனை விட்டு, தொட்டால் பொடியாகிற சாம்பல் தரும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, கறுப்புப் புகை விட்டு, முனையில் குண்டுமணி மாதிரி ஒரு கெட்டியான மணியாகி நிற்கும். கலப்பு நூல் எரியவும் செய்யும், மணியும் வைக்கும். நான் ஒரு தடவை வாங்கிய 'சுத்தக் காட்டன்' பெட்டியில் பத்துக் கண்டும் மணி மணியாக உருகின. திருப்பிக் கொடுக்கப் போகவில்லை. வெட்கமாக இருந்தது.

மெத்தைத் தையலுக்கு ஆசைப்பட்டு நான் வாங்கிய அடி ஒன்று உண்டு. எம்பிராய்டரிக்கு வரும் ரேயான் நூல், மயில் கழுத்து நிறத்தில், விளக்கு வெளிச்சத்தில் அப்படி ஜொலிக்கும். எங்கள் கட்டில் விரிப்பு முழுக்க அலை அலையாக அந்த நூலில் ஓட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் "பட்டு நூலா?" என்று கேட்டார்கள். நாலைந்து மாதத் துவையலுக்குப் பிறகு மொட்டை மாடியில் காயப்போடும்போது பார்த்தால், அலைகளுக்கு நடுவில் அங்கங்கே நூல் முனை மீசை மாதிரி எட்டிப் பார்க்கிறது. பிடித்து இழுத்தால் ஒரு முழம் அப்படியே வருகிறது. காரணம் பிறகுதான் புரிந்தது. பருத்தி நனைந்தால் பலம் கூடும், பாலியஸ்டர் நனைந்தாலும் மாறாது, ரேயான் நனைந்தால் பலத்தில் மூணில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இழந்துவிடும். அந்த நிலையில் தண்ணீர் குடித்த கனமான விரிப்பை முறுக்கிப் பிழிந்தால் வேறென்ன ஆகும்? சுவரில் மாட்டுவதற்கு ரேயான் ஆகும், துவைக்கிற எதற்கும் ஆகாது. ஜொலிப்பு வேண்டுமானால் அதே 40 வெயிட்டில் பாலியஸ்டர் எம்பிராய்டரி நூல் கிடைக்கிறது. மினுமினுப்பு ஒரு மாற்றுக் குறைவு, உறுதி பல மடங்கு.

கண்ணுக்குத் தெரியாத நைலான் நூல், அதாவது தூண்டில் நரம்பின் தம்பி, எனக்கு ஒத்து வரவில்லை. சூட்டுக்குப் பயம், நாளானால் மஞ்சளித்து முறுகும், முனை தோலில் குத்தும். குழந்தைப் போர்வைக்கு நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். பட்டு நூலைப் பற்றி வெண்பட்டு நெய்கிற ஊரில் உட்கார்ந்து குறை சொல்ல முடியாது. மெல்லிசாக, துணிக்குள் புதைந்து, அழகாகத்தான் உட்காரும். கட்டுப்படியாகாது.

ஊர் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. பருத்தி காற்றிலிருந்து தன் எடையில் எட்டு சதவீதம் வரை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் இருக்கிறவரை நூலுக்குத் தெம்பு. பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. பங்குனி, சித்திரையில் சேலத்துக் காற்று உலர்ந்து கிடக்கும்போது, மேலே மின்விசிறியும் சுற்றினால், ஜன்னலோரம் இருக்கும் பருத்தி நூல் மொறமொறவென்று ஆகிப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அறும். அந்த மாதங்களில் நான் முதல் நாள் ராத்திரியே நூலை ஒரு மூடி போட்ட டப்பாவில், பிழிந்த ஈரத்துணி பக்கத்தில் இருக்கும்படி, ஆனால் நூலில் படாமல் வைத்துவிடுவேன். காலையில் எடுத்தால் சாதுவாக ஓடும். இதே நூலை ஏற்காட்டில் அண்ணி வீட்டு மெஷினில் போட்டபோது ஒரு தடவைகூட அறவில்லை.

எந்த நூலாக இருந்தாலும் ஊசியை மாற்றாமல் பழியை நூல் மேல் போடக்கூடாது. 50 வெயிட்டுக்கு 11ஆம் நம்பர், 40க்கு 14ஆம் நம்பர். சின்ன ஊசியில் தடித்த நூலைத் திணித்தால் காதிலேயே நைந்துவிடும். மெத்தைத் தையலில் மேலே தடித்ததும் பாபினில் மெல்லியதுமாகப் போடலாம், ஒரு பாபினில் நிறைய நூல் பிடிக்கும். அப்போது பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டுக் கையை லேசாக வெட்டிப் பாருங்கள். ஒரு அங்குலம் ரெண்டு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று தரைக்கு இறங்கினால் தளர்வு, அசையவே இல்லை என்றால் இறுக்கம். கேஸ் ஓரத்தில் இருக்கும் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்ப வேண்டாம்.

சரி, எவ்வளவு வாங்குவது? ஐந்தடிக்கு ஏழரை அடிப் போர்வை, அதாவது 60 அங்குலத்துக்கு 90. மூணு அங்குலத்துக்கு ஒரு கோடு என்று கட்டம் போட்டால் நெடுக்கில் 20 கோடு, குறுக்கில் 30. ரெண்டும் தனித்தனியே 1,800 அங்குலம், ஆக 3,600 அங்குலம், சரியாக 100 கெஜத் தையல். மெஷின் தையலுக்கு மேல்நூல், கீழ்நூல் சேர்த்துத் தையல் நீளத்தைப் போல் ரெண்டரையிலிருந்து மூணு பங்கு செலவாகும். ஒரு போர்வைக்கு 300 கெஜம் என்று வைத்துக்கொண்டால், ஆறுக்கு 1,800 கெஜம், பிரித்துப் போட்ட தையலுக்கு மேற்கொண்டு கொஞ்சம். கண்டு கண்டாக வாங்கினால் கட்டாது, கோன்தான். கோன் நூல் மேல்நோக்கித்தான் உருவி வர வேண்டும். என் பழைய கறுப்பு மெஷினில் அதற்கு இடமில்லை. மெஷினுக்குப் பின்னால் தரையில் ஒரு எவர்சில்வர் சொம்பில் கோனை நிறுத்தி, மேலே ஜன்னல் கம்பியில் மாட்டிய ஊக்கு வழியாக நூலைக் கொண்டுவருகிறேன்.

குழந்தைப் போர்வையில் முடிவு சுலபம். சின்னச் சின்னத் துண்டுகள், தையல் அதிகம், ஆகவே ஒட்டுக்கு 50 வெயிட் இரட்டை இழைப் பருத்தி. இத்தாலிக்கார அவுரிஃபில் கம்பெனியின் 1,300 மீட்டர் ஆரஞ்சுக் கட்டை ஒன்றை ரொம்ப நாளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன், அதை எடுத்துவிட்டேன். மெத்தைத் தையலுக்கு 40 வெயிட் பருத்தி. துவைத்த பிறகு பருத்தி நூலும் பருத்தித் துணியும் சேர்ந்து லேசாகச் சுருங்கி, பழம்போர்வை மாதிரி ஒரு குழைவு வரும். குழந்தைக்கு அதுதான் வேண்டும். ஒட்டு முழுக்க ஒரே சாம்பல் நிறம். சிவப்புத் துணிக்கும் மஞ்சளுக்கும் நடுவில் சாம்பல் இருப்பதை யாரும் கண்டுபிடித்ததில்லை.

அண்ணியின் போர்வைகளில்தான் நான் என் கொள்கையிலிருந்து கொஞ்சம் இறங்கி வந்தேன். அங்கே எல்லாம் ஐந்தங்குலச் சதுரம், எல்லா வரிசையிலும் சம எண்ணிக்கைத் தையல். கால் நூல் போனாலும் எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி போகும், இணைப்பில் இடிக்காது. ஆகவே ஒட்டுக்கும் கடைக்காரர் கொடுக்கிற அதே 120 டிக்கெட் ஸ்பன் பாலியஸ்டர். மெத்தைத் தையலுக்கு மேலே 40 வெயிட் பாலியஸ்டர் எம்பிராய்டரி நூல், பாபினில் அதே 120. காபிக் கறைக்குப் பொருத்தமாக அண்ணியே காபிக்கொட்டை நிறம் கேட்டார்.

ஐந்து போர்வை இப்படி முடிந்தது. ஆறாவதை மட்டும், அண்ணியிடம் சொல்லிவிட்டு, ஒட்டும் மெத்தைத் தையலும் முழுக்கப் பருத்தியில் போட்டேன். ஓரத்தில் அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துண்டு வைத்திருக்கிறேன். ஆறையும் ஒரே மெஷினில், ஒரே சோப்பில், மாற்றி மாற்றித் துவைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். "சிவப்புத் துண்டு வெச்சதுதான் சீக்கிரம் காயுதுன்னு எனக்குத் தோணுது கண்ணு, மனப்பிராந்தியா என்னன்னு தெரியல" என்று போன வாரம் சொன்னார். காய்வது பஞ்சைப் பொறுத்தது அண்ணி, நூலைப் பொறுத்தது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ஐப்பசி மழை முடியட்டும், மேலே போய் ஆறையும் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.